ஃபேடர் சரியில்லை

ஜூலை 6, ஞாயிறு

ஃபேடர் சரியில்லை. விற்ற கடைக்காரர் வாய் வார்த்தையை நம்ப மாட்டார். எந்த நாள், என்ன கோளாறு என்று எழுதித் தரச் சொல்வார். அதனால் இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன்.

இடம்: எழும்பூர் ஹோட்டல் மாடியில் இருக்கும் கிளப். சனிக்கிழமைதோறும் நானும் என் வீட்டுக்காரன் ஆல்வினும் அங்கே டிஜே. ஏழு மணியிலிருந்து ஜனங்கள் ஆடுவதற்குப் பாட்டுப் போடுவோம். கடைசிப் பத்து நிமிடம்தான் எங்களுக்கென்று கொடுப்பது. அதில் ஸ்கிராட்ச் வாசிப்போம். ஆளுக்கொரு டர்ன்டேபிள், ஆளுக்கொரு மிக்சர். தலைக்கு மேல் ஒரு கேமரா. எங்கள் கைகள் நாலும் பின்னால் பெரிய திரையில் தெரியும். இடது கை ரெக்கார்டை முன்னும் பின்னும் இழுக்கும். வலது கை ஃபேடரில் இருக்கும். ஃபேடர் என்பது மிக்சரில் ஒரு சின்னக் குமிழ். குழாயைத் திறந்து மூடுகிற மாதிரி அது சத்தத்தைத் திறந்து மூடும். மூடாவிட்டால் வெறும் இழுவை. மூடி மூடித் திறந்தால்தான் அது பேச்சு மாதிரி வெட்டு வெட்டாக விழும்.

கோளாறு: நேற்று நான் 'நண்டு' போட்டேன். சுண்டு விரலில் தொடங்கி நாலு விரலும் ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழைச் சுண்ட வேண்டும். நாலு வெட்டு விழ வேண்டும். இரண்டுதான் விழுந்தது. குமிழ் நடுவில் மாட்டுகிறது.

காலையில் சர்ச்சில் பூசை. பிறகு மட்டன் குழம்பு. சின்ன வெங்காயம் அரைக் கிலோ உரித்துப் பொடிப்பொடியாக நறுக்கினேன். கைக்கு ஒன்றுமில்லை என்பதைக் காட்ட இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து ரிச்சி தெரு போய் ஃபேடரைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே வாங்கி வந்தேன். மிக்சரைத் திறந்து ஃபேடரைக் கழற்றி, துடைத்து, அடித்து, மறுபடி மாட்டினேன். ஆல்வின் வந்து இரண்டு விரலால் தள்ளிப் பார்த்தான்.

"வெண்ணெய் மாதிரி போகுதே, டெல்ஃபி."

"உன் கைக்குப் போகும். நீ நண்டு போட்டா கருவாடு மாதிரி வரும். உனக்கு என்ன தெரியும்?"

இதைவிட மோசமாக எத்தனையோ முறை அவனை ஓட்டியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை. என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று குடத்தை எடுத்துக்கொண்டு கீழே போனான்.

ஜூலை 10, வியாழன்

புது ஃபேடர் வந்தது. மாட்டியாச்சு. கேஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல செய்தி முதலில். கிளப் மேனேஜர் சஞ்சீவ் நேற்று எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். "ஆகஸ்ட் இருபத்து மூணு உங்களுக்குத் தர்றேன். ஒரு மணி நேரம், முழுக்க ஸ்கிராட்ச். வேற பாட்டே வேணாம். டிக்கெட் போட்டு விக்கறோம்" என்றார். இத்தனை வருடம் எங்களை இலை ஓரத்தில் ஊறுகாய் மாதிரித்தான் வைத்திருந்தார்கள். இப்போது சாப்பாடே நாங்கள்தான். ஆல்வின் என் தலையைப் பிடித்து ஆட்டினான். இந்த ஊரில் யாருக்கும் இப்படி ஒரு மேடை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதைச் சொதப்பினால் இன்னொன்று கிடைக்காது என்பதும் தெரியும்.

புது ஃபேடரும் நேற்று அதே இடத்தில் மாட்டியது. ஒரே கம்பெனி சரக்கு, ஒரே கோளாறு.

வாசிக்கும்போது திரும்பித் திரையைப் பார்த்துவிட்டேன். பார்க்கவே கூடாது. என் வலது கை அங்கே ஆளுயரத்துக்குத் தெரிந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடிந்து கிடந்தன. நான் மடக்கவில்லை.

ஆனால் வெட்டு விடாமல் விழுந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது. விரல் மடிந்து கிடக்கும்போது எப்படி விழும் என்று தெரியவில்லை. மேடையில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யார் கண்டார்கள்.

ஜூலை 16, புதன்

இன்று முழுக்க என் கையை வேவு பார்த்தேன். டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் டிக்கெட்டாக டைப் அடித்தது, ஒரு தப்பு இல்லை. ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தது. ஆல்வின் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். ஊசியில் நூல் ஒரே தடவையில் போனது. இட்லி மாவைக் கரைத்து வைத்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற கை.

பிறகு மிக்சர் முன்னால் நின்று குமிழில் விரலை வைத்தேன். வைத்ததும் மோதிர விரல் மெல்ல உள்ளே மடங்கியது. நிமிர்த்தினேன். வைத்தேன், மடங்கியது. வலி கிடையாது. மரத்தும் போகவில்லை. பாத்ரூமில் ஆல்வின் பாடிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கை என்னுடையதுதான், ஆனால் அந்தக் குமிழைத் தொட்டதும் வேறு யாரோ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். இதைக் கடைக்காரருக்கு எழுத முடியாது.

ஜூலை 22, செவ்வாய்

ஆல்வினிடம் பேங்க் வேலை என்று சொல்லிவிட்டு நரம்பு டாக்டரிடம் போனேன். எழுதச் சொன்னார், எழுதினேன். தண்ணீர் டம்ளரைப் பிடிக்கச் சொன்னார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "எல்லாம் நார்மலா இருக்கேம்மா" என்றார். நான் கைப்பையிலிருந்து பழைய ஃபேடரை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவர் அதை ஏதோ மின்விசிறி ரெகுலேட்டர் என்று நினைத்திருப்பார். அந்தச் செத்த ஃபேடரில் விரல்கள் அழகாக ஓடின. எனக்கே அசிங்கமாகிவிட்டது, பொய் சொல்ல வந்தவள் மாதிரி. அப்புறம் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன், வீட்டு மிக்சரில் வாசித்தது. அவர் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"எத்தன வருஷமா இதப் பண்றீங்க?"

"பதினோரு வருஷம் சார்."

"தினமுமா?"

"தினமும்."

மிருதங்கம் வாசிக்கிறவர்களுக்கும் வயலின்காரர்களுக்கும் வருமாம். கையில் நோய் இல்லையாம். ஒரே வேலையை ஓயாமல் செய்து செய்து, பக்கத்துப் பக்கத்து விரல்கள் இரண்டும் மூளைக்கு ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடுமாம். ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் வரும். ஊசி இருக்கிறது, எல்லோருக்கும் கேட்காது. ஓய்வு கொடுத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து மறுபடி பழகலாம், அது எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. "மொதல்ல அத நிறுத்துங்க" என்றார்.

அதற்கு ஒரு பெயர் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

வரும் வழியில் வஞ்சிரம் வாங்கினேன். பேங்கில் கூட்டமா என்று ஆல்வின் கேட்டான். கூட்டம் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

மார்க்கெட்டிலிருந்து திரும்பி மாடிப்படி ஏறும்போது நான் வாசிப்பது கேட்டது.

நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. என்னுடைய வரிசை, நான் இடையில் ஒரு மூச்சு விட்டு உடனே நண்டு போடுகிற இடம், எல்லாம் அப்படியே. படியில் காய்கறிப் பையோடு நின்றுவிட்டேன். நண்டு முழுசாக விழுந்தது, நாலு வெட்டும். கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது. ஆல்வின் ஹெட்போனைச் சரி செய்வது போல ஏதோ செய்தான்.

"என்ன வாசிச்ச?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

பதினோரு வருடத்தில் அவன் என் பாகத்தைத் தொட்டதே இல்லை. அவன் தாளத்தைப் பிடிப்பான், நான் மேலே வெட்டுவேன். அதுதான் எங்கள் பங்கு. இப்போது ஒளித்து ஒளித்துப் பழகுகிறான். எதற்கென்று எனக்குத் தெரியாதா? ஆகஸ்ட் இருபத்து மூன்றுக்கு நான் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டான். கருவாடு என்று சொன்னேனே, நன்றாகத்தான் வாசிக்கிறான். முருங்கைக்காயைப் படியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரு வழி கிடைத்தது.

எங்கள் ரெக்கார்டுகளில் பாட்டு கிடையாது. அதில் இருப்பது ஒரு விதமான விசில் சத்தம்தான். ரெக்கார்டை உரசும் ஊசி எந்த இடத்தில், எந்த வேகத்தில் போகிறது என்று அதை வைத்து லேப்டாப் தெரிந்துகொண்டு அதற்கேற்பச் சத்தம் கொடுக்கும். ஆனால் ஊசி உடைந்துபோனால் மேடையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று லேப்டாப்பில் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் அது ஊசியைக் கேட்பதை விட்டுவிட்டுத் தானாகவே ஓடும். ரெக்கார்டை நான் இழுத்தாலும் தள்ளினாலும் அதற்குக் கவலையில்லை. ஃபேடரையும் செயலிழக்க வைக்கலாம்.

மார்ச் மாதம் நாங்கள் ஒத்திகையைப் பதிவு செய்தோம். என் பாகம் தனியாக இருக்கிறது. அப்போது என் விரல் நன்றாக இருந்தது.

ஆல்வின் வெளியே போனபின் அதைப் போட்டுவிட்டு, கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதற்கேற்ற மாதிரி கையை அசைத்துப் பார்த்தேன். விரல்கள் நாலும் ஒழுங்காக, அழகாக ஓடின. ஒன்றுகூட மடங்கவில்லை. ஃபேடரில் உயிர் இல்லை என்று அந்தச் சனியன் பிடித்த விரலுக்கு எப்படியோ தெரிகிறது. நான் அழுதேன், சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருட்டு இல்லை. என் கை வாசித்ததுதானே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று கிளப்பில் முதல் முறையாகச் செய்தேன். கையெல்லாம் வியர்த்து ரெக்கார்டு வழுக்கியது. எல்லாம் சரியாகப் போனது. முன்வரிசையில் ஒரு பெண் என் விரல்களைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் போனைப் பிடுங்கிக் கீழே போட வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆல்வின் படுக்கப் போய்விட்டான். காலையில் தோசை சாப்பிடும்போதுதான் சொன்னான்.

"நீ இப்ப என்னப் பாக்குறதே இல்ல."

"எங்க?"

"மேடைல. முன்ன நான் கொஞ்சம் இழுத்தா நீயும் இழுப்ப. ரெண்டு பேரும் சேந்து விழுவோம், சேந்து எந்திரிப்போம். நேத்து நீ பாட்டுக்கு ஓடற. நான் பின்னால ஓடி வர்றேன், ரயில விட்டவன் மாதிரி."

"தப்பு வந்துச்சா?"

"இல்ல. அதான் சொல்றேன், ஒரு தப்பும் வரல."

சட்னி இன்னும் வேணுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்பு, சுதந்திர தினம், இரண்டும் ஒன்றாக. பூசையில் எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். விரலைப் பற்றி மாதாவிடம் நான் கேட்கவில்லை. லேப்டாப் நடுவில் நின்றுவிடக் கூடாது என்று கேட்டேன். கேட்டுவிட்டு, ஆல்வின் காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். மனதுக்குள் கேட்டது எப்படி விழும்.

தூக்கம் வருவதில்லை. சாப்பாடும் இறங்குவதில்லை. ஆபீசில் ஒருவருக்கு மதுரைக்குப் பதில் மங்களூருக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். யார் போன் அடித்தாலும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கிளப்பில் மேடை பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கமாகத் தரையில்தான் எங்கள் மேசை. இந்த முறை எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று பலகை மேடை போட்டிருக்கிறார் சஞ்சீவ். ஆல்வின் அதில் ஏறி ஒரு குதி குதித்தான். மேசை ஆடியது.

"சார், ஜனம் முன்னால நின்னு குதிச்சா ஊசி எகிறும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஆல்வின். ஜனம் குதிச்சா நமக்கு நல்லதுதான?"

ஆல்வின் வீட்டுக்கு வந்ததும் டென்னிஸ் பந்துகளைப் பாதியாக அறுத்தான். மேசைக் காலுக்கு அடியில் வைத்தால் அதிர்வு குறையுமாம். என் மேசைக்கும் சேர்த்து அறுத்தான். அவன் அத்தனை கவலைப்பட, எனக்கு மட்டும் பல நாளுக்குப் பிறகு சின்ன நிம்மதி. ஊசி குதித்தால் எனக்கென்ன? என் லேப்டாப்தான் ஊசியைக் கேட்பதே இல்லையே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால் நெஞ்சு அடங்குமா என்று பார்க்கிறேன்.

கிளப் நிறைந்து வழிந்தது. கதவோரம்கூட ஆட்கள். முதல் பாதி ஆல்வினுடையது. ஒரே பாட்டின் தாளத்தைத் துண்டு துண்டாக முன்னும் பின்னும் இழுத்துப் புதுத் தாளம் கட்டுவது. அவன் நன்றாக வாசித்தான், எனக்கே புல்லரித்தது. பிறகு என் முறை. இருவரும் சேர்ந்து வாசிக்கிற இடம். நான் பட்டனை அழுத்தினேன்.

மார்ச் மாதத்து நான் வாசிக்க ஆரம்பித்தேன். நேற்றைய நான் கையை அசைத்துக்கொண்டிருந்தேன். திரையில் என் விரல்கள் ஓடின. கூட்டம் ஒவ்வொரு நண்டுக்கும் கூச்சல் போட்டது. போடப் போட அவர்களுக்கு வெறி ஏறியது. முன்னால் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து குதிக்க ஆரம்பித்தார்கள். பலகை என் காலுக்கு அடியில் துள்ளியது.

இரண்டு ஊசிகளும் ஒரே நேரத்தில் எகிறின.

ஆல்வினுடைய தாளம் கத்தியால் அறுத்தது போல நின்றது. என் ஊசி ரெக்கார்டின் குறுக்கே வழுக்கிக்கொண்டு போய், நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தின் மேல் விழுந்தது. என் சத்தம் நிற்கவில்லை. ஒரு பிசிறு இல்லை. ஊசி காகிதத்தின் மேல் கிடக்க, கை வெறும் தட்டை இழுக்க, நண்டு முழுசாக விழுந்துகொண்டே இருந்தது. திரையில் அத்தனையும் ஆளுயரத்துக்குத் தெரிந்தது.

கையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. பயத்தில் நிறுத்த முடியவில்லை. அசைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆல்வின் என் ஊசியைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். ஒரு ஸ்கிராட்ச் வாசிக்கிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவன் தன் ஊசியைத் திரும்ப வைத்து ஒரு கையால் தாளத்தைப் பிடித்தான். இன்னொரு கையை என் பக்கம் நீட்டி, என் ஊசியை மெதுவாக எடுத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டான். வைத்ததால் சத்தத்தில் எதுவும் மாறவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். திரையில் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று செய்தான். என் புறங்கையில் அவன் விரல் பட்டது, பனிக்கட்டி மாதிரி இருந்தது.

முடிவு வரை அப்படியே ஓட்டினோம். அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. தாளம் நின்றும் இவள் விடாமல் வாசித்தாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது சஞ்சீவ் கட்டிப்பிடித்து, "இனிமே மாசாமாசம்" என்றார். ஆல்வின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று நாள் முழுக்க ஆல்வின் வீட்டு வேலை பார்த்தான். துணி துவைத்தான், மொட்டைமாடியில் காயப் போட்டான், சாயங்காலம் மடித்தான். இன்று நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவனும் போகவில்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டான்.

"ரெண்டு வாரமா. ஒன்பதாந்தேதிதான் மொதல்ல..."

"ரெக்கார்டிங்க கேக்கல. விரலு."

நான் வலது கையை மடிக்குள் ஒளித்தேன்.

"ஸ்கிரீன்ல உன் கை மட்டுமா தெரியுது? நானும் பாத்துட்டுத்தான இருக்கேன். ஜூன்லேருந்து பாக்குறேன். நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

"அப்புறம் ஏன் எனக்குத் தெரியாம என் பார்ட்ட வாசிச்சுப் பழகுன? என்னக் கழட்டி விடத்தான?"

அவனுக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. "லூசாடி நீ? உன் விரலு நின்னா நான் அந்த வெட்ட என் பக்கத்துலேருந்து போட்டேன். நீ ஃபேடர் மாத்துனதுலேருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போட்டேன். உனக்குக் கேக்கலயா?"

கேட்டது. முதல் நாளே கேட்டது. அவன் வெட்டுக்கும் என் வெட்டுக்கும் வித்தியாசம் தெரியாத காதா இது? தெரியாத மாதிரி இருந்துகொண்டேன், அவ்வளவுதான்.

"நீ ரெக்கார்டிங்கப் போட்டப்புறம் எனக்கு அந்த வேலையும் இல்ல" என்றான். "பக்கத்துல நீ நிக்கற. ஆனா நான் தனியா வாசிச்சிட்டிருந்தேன், டெல்ஃபி."

மிக்சரைப் போடச் சொன்னேன். அவன் பக்கத்தில் நிற்க, குமிழில் விரலை வைத்தேன். ஒளிக்காமல் அவனுக்குக் காட்டியது இதுதான் முதல் முறை. மோதிர விரல் மடங்கியது, சுண்டு விரலும் கூடவே போனது. அவன் இரண்டையும் பிடித்து நிமிர்த்தினான். விட்டதும் மடங்கின. மறுபடி நிமிர்த்தினான். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன், பேங்க் பொய்யையும் சொன்னேன். இது சரியாகவே போகாமல் இருக்கலாம் என்றும் சொன்னேன்.

"ஊசி போட்டுப் பாப்போம்" என்றான். பிறகு சமையலறைக்குப் போய்ச் அடுப்பை அணைத்தான். குக்கர் எப்போதிலிருந்தோ கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சஞ்சீவுக்கு நானே போன் செய்தேன். ஆல்வின் செய்கிறேன் என்றான், வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் நடந்தேன்.

"சார், சனிக்கிழமை என் பாகம் லைவ் இல்ல. ரெக்கார்டிங். நான் சும்மா கை ஆட்டினேன்."

"தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"ஊசி எகிறுச்சு, பாட்டு நிக்கல. கேமரா பையன் உடனே வந்து சொல்லிட்டான். நல்ல ஐடியான்னு தோணுச்சு. லைவ்னா எப்ப என்ன ஆகும்னு வயித்துல நெருப்பக் கட்டிட்டு நிக்கணும். இதுல அது இல்ல. மாசாமாசம் இதே மாதிரி பண்ணிடுங்க. ஆல்வின் பார்ட்டையும் ரெக்கார்ட் பண்ணிட்டா இன்னும் சேஃப்."

"எனக்குக் கை சரியில்ல சார். அதனாலதான்."

"அச்சச்சோ. பாத்துக்கோங்க. ஆனா ஸ்கிரீன்ல அசைச்சா போதுமில்லயா? அதுக்கு வரும்ல?"

வரும் என்றேன். உண்மைதானே, அதற்கு வருகிறது.

கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன். கண்டுபிடித்தவர் இவ்வளவு அன்பாகப் பேசுவார் என்று நினைக்கவில்லை. என் விரல் இருந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று அவருக்கு. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை வைத்த பிறகு வந்த பயம் இந்த இரண்டு மாதப் பயத்தைவிடப் பெரியது. ஆல்வினிடம் சொன்னேன். அவன் எழுந்து போய் என் மிக்சர் முன்னால் நின்றான். பிறகு, "சனிக்கிழமை உனக்கு எடது கை இருக்குல்ல?" என்றான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நேற்று வழக்கமான சனிக்கிழமை, வழக்கமான கூட்டம். பாதிப் பேர் ஆடினார்கள், மீதிப் பேர் போன் பார்த்தார்கள். பலகை மேடையைச் சஞ்சீவ் எடுக்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறதாம்.

கடைசிப் பத்து நிமிடம் வந்தது. லேப்டாப்பில் அந்தப் பட்டனை நான் தொடவில்லை. தொடவில்லை என்பதை மூன்று முறை சரி பார்த்தேன். ஆல்வின் தன் மேசையை விட்டு என் மேசைக்கு வந்தான். ஒரு டர்ன்டேபிள், இரண்டு பேர். என் இடது கை ரெக்கார்டின் மேல். என் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் ஃபேடரில் அவன் வலது கை.

நாலு நாள் பழகியிருந்தோம். நாலு நாள் போதாது. நான் இழுக்கும்போது அவன் மூடினான், நான் விடும்போது திறந்தான், காக்காய் கத்துவது போல ஏதோ வந்தது. திரையில் என் கையும் அவன் கையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. என் வெட்டு இன்னொருவர் கையிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது என்னவென்று யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அவன் மூச்சை என் காதோரம் கேட்டுக்கொண்டே இழுத்தேன். அவன் மூச்சு விடுகிற இடத்தில் நான் விட்டேன். ஒரு நண்டு விழுந்தது, முழுசாக. ஆல்வின் பல்லைக் காட்டினான். இன்னொன்று விழுந்தது. முன்னால் நின்ற சில பேர் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒரு கும்பல் குதிக்க ஆரம்பித்தது.

பலகை ஆடியது. ஊசி குதித்தது.

சத்தம் நின்றுவிட்டது. கிளப் முழுக்க ஒரே அமைதி. போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். யாரோ பின்னாலிருந்து "என்னாச்சு?" என்று கேட்டார்கள். பார் பக்கத்திலிருந்து சஞ்சீவ் எங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார்.

நான் ஊசியை எடுத்து ரெக்கார்டில் வைத்தேன். ஆல்வின் குமிழிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "இழு" என்றான். இழுத்தேன்.